ஒற்றைக் காசு பேசாது

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கடை நேரத்தில் வந்து எனக்குச் சால்வை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, பின்வரிசையில் ஆல்பத்தோடு உட்கார்ந்திருக்கும் சேகரிப்பு நண்பர்களே, வணக்கம்.

ரோமானிய வெள்ளிக்காசு பற்றி மூன்று செய்திகள்: அது இங்கே வந்த கதை, புதையலைப் பிரித்தால் வரும் நஷ்டம், கிடைத்தால் செய்ய வேண்டியது.

வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் என்று கொங்கு மண்ணில் குடம் குடமாகக் கிடைத்த தெனாரியஸ் என்ற அந்த வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. இங்கே அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் அவருடைய பேரன்கள் இருவர் கேடயம், ஈட்டியோடு நிற்பார்கள். கி.பி. 64-ல், பின்னால் வந்த பேரரசர் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். நம்மூர் வியாபாரி விவரமானவர், பழைய காசாகவே கேட்டு வாங்கினார் என்பது என் எண்ணம்.

பல வருஷம் முன்னால் ஒரு விவசாயி துண்டு முடிச்சை அவிழ்த்து ஒரு காசை என் கையில் வைத்தார். பளபளவென்று இருந்தது. “கருப்பா இருந்துச்சுங்க, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன்” என்றார். ராஜாவின் மூக்கே தேய்ந்துபோயிருந்தது. சரி, மற்றது எங்கே என்றேன். சொம்பு நிறையக் கிடைத்ததாம். பத்தரிடம் கொடுத்து உருக்கி, மகளுக்குக் கொலுசு செய்துவிட்டார். சொம்பு? குப்பைமேட்டில். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தனிமரம் தோப்பாகாது. ஒரு புதையலில் கடைசியாக அச்சடித்த காசு எது என்று பார்த்தால்தான், அதற்கு முன்னால் புதைத்திருக்க முடியாது என்று சொல்ல முடியும். பிரித்துவிட்டால் அந்தக் கணக்குப் போச்சு. ஏலத்தில் ஒன்று, டப்பாவில் இரண்டு என்று வாங்கும் நாமும் யோசிக்க வேண்டும், தனிமரம் தோப்பாகாது.

1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கிடைத்த காசைக் கலயத்தோடு அந்தந்த மாவட்டத்திலேயே வைக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்கும் மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.