டிஎன்ஏ ஏன் சுருட்டப்படுகிறது?

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்த கையோடு, இந்த நேரத்து நெரிசலையும் தாண்டிக் கோட்டூர்புரம் வரை வந்திருக்கிறீர்கள். பள்ளி மாணவர்களும் நிறையப் பேர் தெரிகிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கே போய்விடுகிறேன்.

மனித செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். கணக்கு எளிது. அம்மா வழி ஒரு பங்கு, அப்பா வழி ஒரு பங்கு என்று மொத்தம் 600 கோடிக்கும் மேற்பட்ட கார இணைகள், அதாவது டிஎன்ஏ ஏணியின் படிகள். ஓர் இணைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். டிஎன்ஏ குடியிருக்கும், செல்லுக்குள் உள்ள உட்கருவின் விட்டமோ பல செல்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

இதைச் சொன்னவுடன், "அடேயப்பா, இத்தனை நீளம் இத்தனை சின்ன இடத்தில் எப்படி அடங்குகிறது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். மாணவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போய் இன்னொரு கணக்கும் போட வேண்டும். டிஎன்ஏவின் தடிமன் 2 நானோமீட்டர்தான். 2 மீட்டர் நீளம், 2 நானோமீட்டர் விட்டம் கொண்ட உருளையின் கன அளவு என்ன? உட்கருவை ஒரு கோளமாக வைத்து ஒப்பிட்டால், டிஎன்ஏ பிடிக்கும் இடம் அதில் சில சதவீதம்தான். இடம் போதாமல் இயற்கை டிஎன்ஏவைச் சுருட்டவில்லை. டிஎன்ஏ என்ற புத்தகத்தில், எந்தச் செல்லில் எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பதை அந்தச் சுருட்டல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் சுருட்டும் விதம். டிஎன்ஏவின் வெளிப்புறம் முழுக்கப் பாஸ்பேட்டுகள், எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை. சும்மா விட்டால் ஒன்றையொன்று தள்ளும், வளைந்து கொடுக்காது. அதை வளைக்க, நேர்மின்சுமை கொண்ட லைசின், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலங்கள் நிறைந்த ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் இருக்கின்றன. 1884-லேயே ஆல்பிரெக்ட் கோசல் என்ற விஞ்ஞானி பறவை ரத்தச் செல்களிலிருந்து இவற்றைப் பிரித்துவிட்டார். ஆனால் இவை என்ன செய்கின்றன என்பது தெளிவாக 90 ஆண்டுகள் ஆயின. 1974-ல் ரோஜர் கோர்ன்பெர்க், எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு திரளைச் சுற்றி டிஎன்ஏ ஓடுகிறது, இந்த அலகுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொன்னார். அதற்குப் பெயர் நியூக்ளியோசோம். 147 கார இணைகள், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று. கொஞ்சம் வெற்று நூல், பிறகு அடுத்த திரள். நம் செல் ஒவ்வொன்றிலும் இப்படிச் சுமார் மூன்று கோடி.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இது மணி கோத்த சரம்போலத் தெரிந்ததால் புத்தகங்களும் அப்படியே எழுதிவிட்டன. எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. மணியில் நூல் உள்ளே துளைத்துப் போகும். இங்கே நூல் வெளியே சுற்றுகிறது. மயிலாப்பூர் மாட வீதியில் பூ கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நார் மல்லிகையைத் துளைக்காது, காம்பைச் சுற்றித்தான் பிடிக்கும். அதனால் சுற்றைத் தளர்த்தினால் பூ நகரும், கழன்றும் வரும். நியூக்ளியோசோமும் அப்படித்தான் நகர்கிறது, கழல்கிறது. கோத்த மணியால் அது முடியாது.

தளர்த்துவது யார்? ஹிஸ்டோன்களின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள லைசின்மேல் அசிட்டைல் என்ற ஒரு சிறு வேதித் தொகுதியைச் சில நொதிகள், அதாவது வேதிவினைகளை நடத்தும் புரதங்கள், ஒட்டுகின்றன. நேர்மின்சுமை போய்விடுகிறது, பிடி தளர்கிறது, அங்கிருக்கும் மரபணுவைப் படிக்க வழி பிறக்கிறது. வேறு நொதிகள் அதை எடுத்துவிடுகின்றன. 1964-லேயே வின்சென்ட் ஆல்ஃப்ரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னவர். உங்கள் கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. திறந்து கிடக்கும் இடங்கள்தான் வேறு. டிஎன்ஏ குரோமோசோம்கள் என்ற தனித்தனி நீள் துண்டுகளாக இருக்கிறது; பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஏறக்குறைய முழுவதுமாகச் சுருட்டி மூடப்பட்டிருக்கிறது. 1961-ல் மேரி லயன் இதை விளக்கினார். ஒரு குரோமோசோம் முழுதையும் மடிப்பாலேயே பேச விடாமல் வைக்க முடிகிறது என்றால், மடிப்பை வெறும் மூட்டை கட்டுதல் என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நியூக்ளியோசோம் சரம் மறுபடி ஒழுங்காகச் சுருண்டு 30 நானோமீட்டர் கயிறாகிறது என்று பாடப்படங்கள் காட்டுகின்றன. சோதனைக் குழாயில் அது கிடைத்தது உண்மை. ஆனால் 2017-ல் மனித செல்லுக்குள்ளேயே பார்த்தபோது, 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனில் ஒழுங்கில்லாமல் வளைந்த சரங்களே தெரிந்தன. அந்தப் படத்தை இனி அப்படியே வரைய வைக்காதீர்கள்.

அப்புறம் செல் பிரியும் நேரம். அப்போதுதான் நமக்குப் பழகிய குரோமோசோம் வடிவம் வருகிறது. காண்டென்சின் என்னும் புரதத் திரள் டிஎன்ஏவைப் பிடித்து வளையம் வளையமாக இழுத்து அடுக்குகிறது. 2018-ல் தனி மூலக்கூறு ஒன்று இப்படி வளையம் இழுப்பதை நேரிலேயே படம் பிடித்தார்கள். ஆனால் செல் பிரிவதற்கு முன் நகலெடுத்த இரண்டு டிஎன்ஏக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமே? இழுத்தால் அறுந்துவிடும். இங்கே டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி வருகிறது. ஒரு டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டி, அந்த இடைவெளி வழியே மற்றதைக் கடத்தி, வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டிவிடுகிறது.

நம் ஊர்ப் புற்றுநோய் வார்டுகளில் அன்றாடம் கேட்கும் எட்டோபோசைடு என்ற மருந்து இந்த நொதியைத்தான் பிடிக்கிறது. வெட்ட விடுகிறது, ஒட்ட விடுவதில்லை. வேகமாகப் பிரியும் செல்லில் இந்த நொதி அதிகம். வெட்டுகள் குவிந்து அந்தச் செல் சாகிறது. மயிர்க்கால் செல்களும் எலும்பு மஜ்ஜைச் செல்களும் வேகமாகப் பிரிபவைதான். நம் வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சையின்போது முடி கொட்டுவதும், வெள்ளணுக்கள் குறைவதும், தொற்று வந்துவிடும், கூட்டத்துக்குள் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்வதும் இதனால்தான்.