அடி நமத்துப் போகாத மீன் பை (pie): ரஷ்யாவின் குலெபியாக்கா

[காட்சி: வெட்டிய பையின் குறுக்குவெட்டு. கேமரா அடிப்பக்க மாவுக்கு நெருங்கிப் போகிறது.]

வணக்கம். பஃப் பேஸ்ட்ரியில் மீன் வைத்து பேக் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேல் பக்கம் அழகாக உப்பி, பொன்னிறமாக வந்திருக்கும். கத்தியை வைத்தால் அடிமாவு நமத்துப் போய், வேகாத மாதிரி பிசுபிசுவென்று இருக்கும். பெரும்பாலும் ஓவன் மேல் தப்பு இல்லை. மீன் விடுகிற தண்ணீர்தான் காரணம். அந்தத் தண்ணீரை எங்கே பிடித்து வைப்பது என்பதை அடுக்கடுக்காக யோசித்துச் செய்த பதார்த்தம் ஒன்று ரஷ்யாவில் இருக்கிறது. பெயர் குலெபியாக்கா. இன்று அதைத்தான் செய்யப் போகிறோம்.

நீளமாக, குறுகலாக, நாலு பக்கமும் மூடிய பை இது. உள்ளே மீன், சோறு, காளான், வேகவைத்த முட்டை என்று தனித்தனி அடுக்குகள் இருக்கும். ரஷ்யாவில் இதற்கு ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த மாவுதான் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பிரபுக்களின் வீடுகளில் வேலை பார்த்த பிரெஞ்சு சமையல்காரர்கள் வழியாக இது பிரான்சுக்குப் போனது. அங்கே கூலிபியாக் என்று பெயர் மாறி, வெண்ணெயும் முட்டையும் நிறையச் சேர்த்த பிரியோஷ் என்ற ரொட்டி மாவிலும் பஃப் பேஸ்ட்ரியிலும் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துப் பெரிய விருந்துகளில் வியாசிகா என்று ஓர் அடுக்கும் சேரும். ஸ்டர்ஜன் மீனின் முதுகுத்தண்டில் இருக்கும் நாரை உலர்த்தி, ஊறவைத்து, வேகவைத்து, பொடியாக நறுக்கிப் போடுவார்கள். நாம் அதை விட்டுவிடலாம். மற்ற அடுக்குகள் எதையும் விட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

[காட்சி: பஃப் பேஸ்ட்ரி தாளின் வெட்டிய ஓரம், மிக அருகில். மெல்லிய கோடுகள் தெரிகின்றன.]

முதலில் மாவு. இந்த ஓரத்தைப் பாருங்கள். மாவு ஒரு தாள், வெண்ணெய் ஒரு தாள் என்று மாறி மாறி இருக்கிறது. வெண்ணெயை மாவில் வைத்து மூன்றாக மடித்து உருட்டுகிறோம். அப்படி ஆறு தடவை மடித்தால் கணக்குப்படி 729 வெண்ணெய் அடுக்குகள் வரும். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். ஓவன் சூட்டில் அந்தத் தண்ணீரும் மாவின் ஈரமும் ஆவியாகி, தாள்களைத் தூக்கிவிடும். இடையில் இருக்கும் கொழுப்பு தாள்களை ஒட்டவிடாது. நம்மூர் பேக்கரி முட்டை பப்ஸ் உப்புவதும் இதே வித்தையால்தான்.

வீட்டில் மடித்துச் செய்ய நேரம் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் கடையில் கிடைக்கும் உறைந்த பஃப் பேஸ்ட்ரி 500 கிராம் போதும். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மார்ஜரினில் செய்தது சூட்டில் சீக்கிரம் இளகாது, கையாளச் சுலபம். ஆனால் சாப்பிட்டபின் மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம் நிற்கும். மீன் மாதிரி மென்மையான சுவைக்கு வெண்ணெயில் செய்ததுதான் சரி. முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக விடுங்கள். வெளியே வைத்தால் ஓரம் உருகும், நடு உறைந்தே கிடக்கும்.

[காட்சி: வாணலியில் காளான். ஓசை முக்கியம், இசை வேண்டாம்.]

இனி உள்ளே வைப்பவை. காளான் 250 கிராம் பொடியாக நறுக்கி, ஒரு பெரிய வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்குங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முதலில் அது தண்ணீர் விட்டுக் கொதிக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கி, எண்ணெயில் பொரிகிற சடசடப்பு வரும். அந்த மாற்றம் வந்தபின்னும் இரண்டு நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். அவசரப்பட்டு இங்கே இறக்கினால், மிச்சத் தண்ணீர் எல்லாம் அப்புறம் மாவுக்குள்தான் போகும்.

பாஸ்மதி அரிசி 100 கிராம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, முக்கால் பதத்தில் வடித்து, தட்டில் பரப்பி ஆற விடுங்கள். மீனிலிருந்து இறங்கும் சாற்றைக் குடித்து மீதி கால் பதம் ஓவனுக்குள் வெந்துவிடும். முழுதாக வெந்த சோறு அந்தச் சாற்றைக் குடிக்காது, குழைந்துதான் போகும். ஆறிய சோற்றில் ஒரு கைப்பிடி சதகுப்பை இலை, மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு. சதகுப்பை இலை இல்லாமல் இந்தப் பைக்கு ரஷ்ய வாசனையே வராது, எப்படியாவது தேடிப் பிடியுங்கள். முட்டை மூன்று, பத்து நிமிடம் வேகவைத்து நறுக்கியது.

மீன், தோலும் முள்ளும் எடுத்த சால்மன் 600 கிராம், நீளமான ஒரே துண்டாக. வஞ்சிரமோ கொடுவாவோ வைத்துச் செய்தாலும் நன்றாக வரும். கெட்டியான சதை உள்ள மீனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவி இருபது நிமிடம் வையுங்கள். மேலே நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மீனை முன்கூட்டியே வேகவைக்காதீர்கள், உள்ளே ஆவியில் வேகட்டும்.

[காட்சி: தவாவில் மெல்லிய பான்கேக்.]

இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். மைதா 60 கிராம், ஒரு முட்டை, பால் 150 மில்லி. கரைத்து, நீர் தோசை மாதிரி மெல்லிசாக நாலைந்து ஊற்றி எடுங்கள். ரஷ்யாவில் இதை பிளின்சிக்கி என்பார்கள். மாவுக்கும் உள்ளே வைப்பதற்கும் நடுவில் இது படுத்துக்கொள்ளும். சோற்றைத் தாண்டி வரும் ஈரத்தை இது உறிஞ்சிக்கொள்ளும், பேஸ்ட்ரிக்கு விடாது.

சரி, அடுக்கலாம். எல்லாமே ஆறி, தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக வைத்தால் ஓவனுக்குப் போகும் முன்பே வெண்ணெய் உருகி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நம்மூர் வெயிலில் மாவு கையில் துவண்டால் யோசிக்காமல் ஃப்ரிட்ஜில் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள்.

அடித்தாள் 30-க்கு 15 சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனம். அதன்மேல் ஒரு கரண்டி ரவையைத் தூவுங்கள், பிறகு பான்கேக். அதன்மேல் பாதிச் சோறு, மீன், காளான், முட்டை, மீதிச் சோறு. மறுபடி பான்கேக்கால் மூடுங்கள். சுற்றி இரண்டு விரல் ஓரம் விட்டு வையுங்கள். மேல்தாள் 35-க்கு 22. ஓரத்தில் அடித்த முட்டையைத் தடவி, மேல்தாளைப் போர்த்தி அழுத்துங்கள். மேலேயும் முட்டை பூசுங்கள், ஆனால் வெட்டிய விளிம்பில் வழியவிடாதீர்கள். அங்கே முட்டை பட்டால் தாள்கள் ஒட்டிக்கொண்டு உப்பாது. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஆவி போக வழி இல்லையென்றால் பக்கவாட்டில் வெடித்துக்கொண்டு வெளியேறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

[காட்சி: ஓவன் கண்ணாடி வழியாக, வேகமாக ஓட்டிய படம்.]

ஓவன் 220 டிகிரி. காலித் தட்டை உள்ளே வைத்தே சூடேற்றுங்கள். பேக்கிங் தாளோடு பையை அந்தக் கொதிக்கும் தட்டின் மேல் நகர்த்தி வைத்தால், அடிமாவு ஈரம் ஏறுவதற்குள் வெந்து இறுகத் தொடங்கிவிடும். 15 நிமிடம் கழித்து 190-க்குக் குறைத்து இன்னும் 25 நிமிடம். சிறிய ஓடிஜி ஓவனில் மேல் கம்பி சீக்கிரம் கருக்கும், அதனால் கீழ்த்தட்டில் வையுங்கள். வெப்பமானி இருந்தால் துளை வழியாக மீனில் குத்திப் பாருங்கள். 63 டிகிரி காட்டினால் மீன் வெந்துவிட்டது.

எடுத்ததும் வெட்டாதீர்கள், பதினைந்து நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் இரண்டு கரண்டி உருக்கிய வெண்ணெயில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, துளை வழியாக ஊற்றலாம். பல் வைத்த ரொட்டிக் கத்தியால், அழுத்தாமல் அறுத்தால் அடுக்குகள் கலையாது. பக்கத்தில் புளிப்புக் க்ரீம் வைத்துப் பரிமாறுங்கள். ஆறு பேருக்குத் தாராளமாக வரும்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். சூடு செய்ய மைக்ரோவேவ் வேண்டாம், மாவு துவண்டுவிடும். 170 டிகிரி ஓவனில், சூடான தட்டின் மேல் பதினைந்து நிமிடம் வையுங்கள். பேக் செய்யாமலே ஃப்ரீசரில் வைக்கும் எண்ணம் இருந்தால் முட்டை அடுக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெந்த வெள்ளைக்கரு உறைந்து இளகும்போது இறுகிப் போய் தண்ணீர் விடும்.