அக்பர் வணங்கிய மாதா படம்

சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பதேபூர் சிக்ரியில் மாதா படத்தின் முன் அக்பர் வணங்கினாராமே, கிறிஸ்தவராக மாற நினைத்தாரா?"

வணங்கியது உண்மைதான். 1580இல் கோவாவிலிருந்து அக்வாவிவா, மொன்செராத்தே முதலிய இயேசு சபைப் பாதிரியார்கள் அக்பரின் அப்போதைய தலைநகரான பதேபூர் சிக்ரிக்குப் போனார்கள். ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தில் உள்ள மாதா படத்தின் நகலைத் தங்கள் சிற்றாலயத்தில் பீடத்தின் மேல் வைத்தார்கள். அக்பர் முஸ்லிம் முறையிலும், கிறிஸ்தவர்களைப் போல மண்டியிட்டும், இந்துக்களைப் போலவும் மரியாதை செய்ததாக அவர்கள் தரப்புப் பதிவுகளே சொல்கின்றன. மூன்று விதமாகவும் வணங்கியவர் ஒரு மதத்துக்குள் அடங்குவாரா? அவர் மாறவில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அக்பர் பிறகு தம் ஓவியர்களையும் அந்தப் படத்தைப் பார்க்க அழைத்து வந்தார். அவர்கள் எதைப் பார்த்தார்கள்? அதைக் கேளுங்கள்!

அக்பரின் ஓவியர்கள் அதற்கு முன் வரைந்த ஹம்சா நாமா என்ற வீரக்கதையின் ஓவியங்களை முன்பே பார்த்திருக்கிறோம். வண்ணம் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தெரியாது. அடுத்த சில ஆண்டுகளில் அக்பரின் ஓவியர் கேசு தாஸ் வரைந்த கிறிஸ்தவப் புனிதர் ஜெரோமைப் பாருங்கள். மரத்தடியில் உறங்கும் கிழவர். போர்வை மடிப்பின் மேடு ஒளிர்கிறது, பள்ளம் இருள்கிறது. பீடத்துப் படம் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப்படங்கள் இன்னும் அதிகமாகக் கற்றுக்கொடுத்தன. ஜெரோமுக்கும் மூலம் ஓர் இத்தாலிய அச்சுப்படம்தான். அதில் வண்ணமே கிடையாது. வண்ணம் முழுக்கக் கேசு தாஸின் தீர்மானம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நகல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், வாங்கிக்கொண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

ஜஹாங்கீர் காலத்துக்கு வாருங்கள். அரசவை ஓவியர் பிச்சித்தர் வரைந்த ஓவியத்தில் பேரரசர் மணற்கடிகாரத்தின் மேல் அமர்ந்திருக்கிறார். தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த மாபெரும் ஒளிவட்டம். ஒளிவட்டம் நமக்குப் புதிதல்ல, காந்தாரப் புத்தருக்கே உண்டு. ஆனால் கீழே கடிகாரத்தின் மீது குனிந்திருக்கும் அந்த இரண்டு குட்டித் தேவதைகள்? ஐரோப்பியப் படங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். அவர்கள் எழுதுவதோ பாரசீகத்தில்: மன்னர் ஆயிரம் ஆண்டு ஆளட்டும் என்று! இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

அந்த ஓவியம் இப்போது வாஷிங்டனில், ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இடது கீழ்மூலையில், இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸுக்கும் கீழே, கையில் ஒரு சிறு படத்தோடு நிற்பவர் பிச்சித்தரேதான்.