கச்சான் வெயிலும் கையடக்க ஸ்கானர் பற்றரியும்

வணக்கம் நேயர்களே.

போன ஆனி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு மத்தியானம், திருகோணமலை உப்புவெளிப் பக்கத்துச் சம்மாட்டி ஒருவர் என் கடைக்கு வந்தார். துவாயில் சுற்றிய ஒரு கையடக்க ஸ்கானரை, அதாவது அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோவை, மேசையில் வைத்தார். அவருக்கு இரண்டு படகுகள். இரவில் பிள்ளைகள் கடலில் நிற்கும்போது, விறாந்தையில் சாய்கதிரையைப் போட்டு, கடல் அலைவரிசையான 16ஆம் சனலைக் கேட்டுக்கொண்டே இருப்பவர். ஆபத்து அழைப்பு வருகிற சனல் அது, 156.8 மெகாஹேர்ட்ஸ்.

"தம்பி, விடிய விடியச் சார்ஜில போட்டுத்தான் எடுக்கிறன். ஒரு மணித்தியாலம்கூட நிக்குதில்லை. நாலு புதுப் பற்றரி தாங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதே ஆள் தைப்பொங்கலுக்கு முதல்தான் புதுப் பற்றரி வாங்கியிருந்தார். ஆறு மாதத்தில் நாலு பற்றரியும் செத்துவிட்டதென்றால் புதிய நாலும் அப்படியே போகும். அதனால் "ஐயா, கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்கானரின் முதுகைத் திறந்தேன்.

உள்ளே நான்கு பென்ரோச் பற்றரி. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடியது. இரண்டு ஒரு நிறம், மற்ற இரண்டு வேறு நிறம். காரணம் கேட்டேன். முன்பு இரண்டு பழுதாகிவிட்டதாம், பழைய இரண்டோடு புதிய இரண்டைச் சேர்த்துப் போட்டாராம். சரி, ஸ்கானரை ஓடவிட்டபடியே ஒவ்வொரு பற்றரியின் இரு முனையிலும் வோல்ற்று அளக்கும் மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன். மூன்று பற்றரி 1.25 வோல்ற்றுக்குக் கிட்ட. நாலாவது 0.4.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். நான்கு பற்றரியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துத்தான் இருக்கிறது. ஒரே மின்னோட்டம்தான் நான்குக்குள்ளும் போகிறது. நான்கும் ஒரே அளவு கொள்ளளவு உள்ளவையென்றால் நான்கும் ஒன்றாகவே தீரும். ஒன்று மட்டும் நலிந்திருந்தால் அது முதலில் காலியாகும். அப்புறமும் ரேடியோவை அணைக்காமல் விட்டால், மற்ற மூன்றும் அந்தக் காலிப் பற்றரிக்குள்ளும் மின்னோட்டத்தை விடாமல் தள்ளும். நேர்முனை எதிர்முனையாக மாறும். அது நடந்தால் பற்றரியின் உள்ளே நிரந்தரச் சேதம். மூன்று நல்ல பற்றரியே நாலாவதைக் கொன்றுவிடும். அவர் வாங்கிப்போட்ட புதிய இரண்டும் பழைய இரண்டில் ஒன்றை இப்படித்தான் முடித்திருந்தன.

ஆகவே ஒரே கொம்பனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கிய நான்கும் ஒரு கூட்டம். அவை சேர்ந்தே ஓட வேண்டும், சேர்ந்தே சார்ஜ் ஏற வேண்டும். நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எழுத்தும் வாங்கிய மாதமும் அழியாத மையால் எழுதிவிடுவேன். அந்தச் சின்னப் பழக்கம் எத்தனை பற்றரியைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வகைப் பற்றரி 1.2 வோல்ற்றில் நெடுநேரம் சமமாக நின்றுவிட்டு, முடிவில் திடீரென்று விழும். சாதாரண அல்கலைன் பற்றரி 1.5இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் ஸ்கானர் "பீப்" என்று எச்சரிக்கை அடித்தால், சார்ஜ் பற்றரியில் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். அப்போதே அணைத்துவிடுங்கள். பற்றரி ஒன்றுக்கு 1.0 வோல்ற்றுக்குக் கீழே போகவிடக் கூடாது.

"முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி பழைய அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும்" என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. இந்தப் பேச்சு நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்திலிருந்து வருகிறது. சுவீடன் நாட்டு வல்டெமார் யுங்னர் 1899இல் கண்டுபிடித்த பற்றரி அது. ஒவ்வொரு நாளும் அச்சொட்டாக ஒரே அளவுக்கு இறக்கி ஏற்றினால் அதில் அந்தக் குறை வரலாம். வீட்டில் பாவிக்கும் நாம் அப்படி அச்சொட்டாக நடப்பதில்லை. ஞாபகம் என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றியதால் வோல்ற்று சற்று இறங்கிவிடுவதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே 1.0 வோல்ற்று வரை இறக்கி ஏற்றினால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். தினமும் அடிமட்டம் வரை இறக்குவது பற்றரியை வதைப்பது. குறிப்பாக நான்கையும் ஸ்கானருக்குள்ளேயே வைத்து இறக்கினால், நான் முதலில் சொன்ன தலைகீழ் விபத்துத்தான் நடக்கும்.

இப்போது சார்ஜருக்கு வருவோம். ஐயாவின் சார்ஜரைக் கொண்டுவரச் சொன்னேன், மறுநாள் வந்தது. பழைய சின்னச் சார்ஜர். அதன் முதுகில் 70 மில்லிஅம்பியர் என்றும், 14 மணித்தியாலம் என்றும் எழுதியிருந்தது. அது 700 மில்லிஅம்பியர் மணி கொள்ளளவு கொண்ட பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் செய்த சார்ஜர். ஐயா போட்டது 2000 மில்லிஅம்பியர் மணி. மெதுவாக ஏற்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணித்தியாலம். 2000க்கு 200 மில்லிஅம்பியர் வேண்டும். 70 மில்லிஅம்பியரில் ஏற்றினால், வீணாகும் பங்கையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 40 மணித்தியாலம் செல்லும். ஐயா 14 மணித்தியாலத்தில் எடுத்துவிடுவார். பற்றரி பாதிகூட நிறைந்திருக்காது. ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை என்பதில் இதுவும் ஒரு பாதி.

மறுபக்கமும் இருக்கிறது. வேகமாக ஏற்றும் மலிவுச் சார்ஜர்கள் சில நிறைந்ததும் தானாக நிற்காது. பற்றரி நிறைந்த பிறகும் மின்னோட்டம் போய்க்கொண்டே இருந்தால் அது சேமிக்கப்படாது, உள்ளே ஒட்சிசன் வாயுவாகவும் சூடாகவும் மாறும். சூடு கூடக்கூட உள்ளிருக்கும் ஈரம் வற்றும், பற்றரியின் சின்ன வால்வு வழியாக இரசாயனம் கசியும். நல்ல சார்ஜர் ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே கவனிக்கும். நிறையும் தறுவாயில் வோல்ற்று உச்சத்துக்கு ஏறி, மிகச் சிறிதளவு இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு நிறுத்திவிடும். விலை கொஞ்சம் கூடும். அந்த ஒரு செலவுக்கு நான் எப்போதும் ஆதரவு. புதுப் பற்றரி வாங்க வருபவரிடம் சார்ஜரைப் பற்றி முதலில் கேட்பேன்.

சார்ஜர் இருந்தது ஐயாவின் குசினியில், தகரக் கூரைக்கு நேர் கீழே ஒரு தட்டில். இரவு போட்டு மறுநாள் காலை எடுப்பது என்பது வாய்ப்பேச்சு. பல நாளில் மத்தியானம்தான் எடுப்பாராம். நேயர்களே, எங்கள் திருகோணமலையில் வைகாசி முதல் ஆவணி வரை மத்தியான வெயில் 35 பாகைக்கு மேலே போவது புதினமில்லை. தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூட. நிக்கல் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் எல்லை பொதுவாக 0 முதல் 45 பாகை வரை. அந்த எல்லைக்குக் கிட்டப் போகும்போதே சார்ஜ் சரியாக உள்ளே ஏறாது, வாங்கிய மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகவே வெளியேறும். எங்கள் ஊரில் பற்றரியைக் கொல்வது பெரும்பாலும் வெயில்தான் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அதனால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, சீமெந்துத் தரையில் வைத்து ஏற்றுங்கள். தரை குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்தில் துணி, மெத்தை எதுவும் வேண்டாம், காற்றோட்டம் இருக்கட்டும். முடியும் நேரத்தில் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு வந்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். கையில் வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் உடனே எடுத்துவிடுங்கள், அந்தச் சார்ஜரைத் திரும்பப் பாவிக்காதீர்கள். சார்ஜில் இருந்து எடுத்த உடனே ஸ்கானரில் போடாமல் ஆறவிட்டுப் போடுவதும் நல்லது. வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே ரேடியோவையும் பற்றரியையும் விட்டுவிட்டுக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்.

வைத்திருக்கும் பற்றரியும் தானாகக் கரையும். சாதாரண நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி 20 பாகையிலேயே மாதத்துக்கு 20, 30 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். எங்கள் அலுமாரிக்குள் 30 பாகை. ஐப்பசியில் ஏற்றி வைத்துவிட்டு மார்கழிப் புயலுக்கு எடுத்துப் பார்த்தால் அதில் என்ன மிஞ்சியிருக்கும்? 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் எங்களுக்கு வடக்கே கரை தொட்டபோது, என் வீட்டிலும் கரண்ட் இல்லை. தேடி எடுத்த நான்கு பற்றரியும் அலுமாரியில் கிடந்தவை, மூன்று மாதத்துக்கு முதல் ஏற்றியவை. சின்ன ரேடியோ பத்து நிமிடம் பாடிவிட்டு அடங்கிப்போனது. அன்று இரவு காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தேன்.

அதன் பிறகுதான் மெல்லக் கரையும் வகைப் பற்றரிக்கு மாறினேன். 2005இல் சந்தைக்கு வந்த வகை அது, ஒரு வருடம் வைத்திருந்தாலும் பெரும் பங்கு மிஞ்சும். பையில் பாவிக்கத் தயார், முன்பே சார்ஜ் ஏற்றியது என்று எழுதியிருக்கும். கொள்ளளவு 2000 போலச் சற்றுக் குறைவாக இருந்தாலும், 2700, 2800 என்று பெரிதாக எழுதியதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாள்களில், எங்கள் தெருவில் கரண்ட் வரும் நேரத்தைக் குறித்துவைத்து இவற்றைத்தான் ஏற்றினோம்.

கடலோரத்தில் வாழும் எங்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. ஸ்கானரின் பற்றரித் தடத்தில் இருக்கும் சுருள் கம்பியில் மெல்லிய மங்கல் படியும். பற்றரி நிறைந்திருந்தும் மங்கலில் வோல்ற்று விழுந்து, ஸ்கானர் பொய்யாக "பீப்" அடிக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் கம்பியையும் பற்றரியின் இரு முனைகளையும் மினுங்கத் தேயுங்கள். வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால், அது கசிந்த காரம். பற்றரியைக் கழற்றிவிட்டு, பஞ்சில் ஒரு துளி தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டு மெல்லத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அமிலம் காரத்தை அடக்கிவிடும். ஐயாவின் ஸ்கானரிலும் ஒரு சுருளில் அப்படித்தான் இருந்தது.

சார்ஜ் ஏற்றும் வசதியோடு வருகிற ஸ்கானர்கள் சிலவற்றில், பற்றரித் தடத்துக்குள் ஒரு சின்ன ஆளி இருக்கும். சாதாரண பற்றரியா, சார்ஜ் பற்றரியா என்று சொல்லும் ஆளி. கடையில் கிடைத்த அல்கலைன் பற்றரியைப் போட்டு, ஆளியைச் சார்ஜ் பக்கம் விட்டு, வயரைக் குத்தினால் பற்றரி கசியும், வெடிக்கவும் கூடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள்.

சிக்கனம் பற்றிச் சுருக்கமாக: பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் பிடியைச் சத்தம் அடங்கும் இடத்தில் வையுங்கள், பின்னொளியை அணையுங்கள், பற்றரி சேமிப்பு முறை இருந்தால் போடுங்கள், ஒருவர் மட்டும் கேட்கும்போது இயர்போன் போதும். லிதியம் அயன் பற்றரி வரும் புதிய வோக்கி டோக்கிகளுக்கு ஞாபகத் தொல்லை இல்லை. நிறைய ஏற்றிச் சூட்டில் விட்டுவிடாமல் இருந்தால் நெடுநாள் நிற்கும், வைத்திருப்பதென்றால் பாதி அளவில் வையுங்கள். உடம்பு ஊதியதைப் பாவிக்கக் கூடாது. எந்த வகையானாலும் பழுதானதை எரிக்காதீர்கள், கடலிலும் களப்பிலும் எறியாதீர்கள். கட்மியம் நஞ்சு.

ஐயாவின் கதைக்கு முடிவு உண்டு. 0.4 வோல்ற்றுப் பற்றரி மீளவில்லை. மற்ற மூன்றையும் தனித்தனியே இறக்கி ஏற்றினேன், மூன்றும் 1700 மில்லிஅம்பியர் மணிக்கு மேல் தந்தன. அந்த மூன்றையும் சுவர் மணிக்கூட்டுக்கும் ரோச் லைற்றுக்கும் பிரித்துக் கொடுத்தேன். மெல்லக் கரையும் வகையில் புதிதாக நான்கு, நல்ல சார்ஜர் ஒன்று. நான்கிலும் "ஆ" என்று எழுதி ஆனி மாதம் என்று போட்டேன். போன கிழமை இரவு பதினொரு மணிக்கு அவரது அழைப்பு வந்தது. பின்னால் ஸ்கானரின் இரைச்சல் கேட்டது. "தம்பி, பின்னேரம் ஆறு மணிக்குப் போட்டது, இன்னும் ஓடுது. பிள்ளையள் கொட்டியாரக்குடாவைத் தாண்டிட்டாங்கள்" என்றார்.

நன்றி, வணக்கம்.