புகை வரும் பக்கத்துக் கதவு

(மட்டக்களப்பு படுவான்கரையில், பாலர் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நிறைய நேரம் பேசமாட்டேன், பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள்.

போன சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு, கொடியில் காய்ந்த மகளின் வெள்ளைச் சட்டையை எடுக்கப் போனேன். தோள்பட்டையில் நூல் நூலாகக் கரி, தட்டினால் கறையாக இழுபடுகிறது. வயல் வட்டையில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள், கச்சான் காற்று புகையை அப்படியே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு முட்டு. மூச்சு இழுக்கிற நேரமெல்லாம் விலாவுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனதை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சட்டையில் விழுந்த கரியை விடுங்கள், அது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போவது, 2.5 மைக்ரோமீட்டரைவிடச் சிறியது, தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம், பிறந்த குழந்தை 30க்கு மேல். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த அழுக்குக் காற்றுக்குப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்தானே? நம்ம வட்டைப் புகைக்கு யார் மூடுகிறார்கள்?

மூக்கில் கட்டுகிற ஈரச்சீலை இந்தத் துகளை மறிக்காது. என்95 மாஸ்க் பெரியவர்களின் முகத்துக்குச் செய்தது, இரண்டு வயதுக்குக் கீழே எந்த மாஸ்க்கும் கூடாது. அதனால் புகை வரும் பக்கத்துக் கதவைச் சாத்தி, பிள்ளையை ஒரே அறையில் வைத்திருங்கள். அன்றைக்கு நுளம்புத்திரியும் சாம்பிராணியும் வேண்டாம், கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், புகை போனதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். விலா குழிந்தாலோ உதடு நீலமானாலோ விடியட்டும் என்று இருக்கவே கூடாது.

அப்புறம், எரிகிற வட்டைக்குள் எலி பிடிக்க ஓடுகிற பொடியன்களை மறியுங்கள். சுட்டுவிட்டால் பற்பசை பூசாமல் 20 நிமிடம் பைப் தண்ணீரில் பிடியுங்கள்.

வேளாண்மை செய்கிற அண்ணன்மாரே, 2021இல் உரமில்லாமல் நாம் பட்ட பாடு மறந்துபோச்சா? பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்த வைக்கோலில்தான் கிடக்கிறது, பரப்பிவிட்டு உழுது மடியுங்கள். இல்லை, எரித்தே ஆகவேண்டும் என்றால் நம்ம வயல்களைப் பார்க்கிற வட்டவிதானையிடம் முதல்நாளே சொல்லுங்கள், அவர் எங்களுக்கு ஒரு போன் கோல் எடுக்கட்டும். கொப்பி இந்த மேசையில் இருக்கிறது, போகும்போது எல்லாரும் நம்பரை எழுதிவிட்டுப் போங்கள்.