புத்தியும் மனசும் சண்டை போடும்போது

அனைவருக்கும் வணக்கம்.

"புத்தி ஒன்று சொல்கிறது, மனசு வேறொன்று சொல்கிறது. எதைக் கேட்பது?" இதைக் கேட்காதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டோம். வரும் பதிலும் தெரிந்ததுதான்: உணர்ச்சிவசப்படாதே, நிதானமாக யோசி. நிதானம் நல்லதுதான். ஆனால் உணர்ச்சியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தெளிவு என்று நினைக்கிறோமே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். இந்தச் சண்டையில் தியானம் எப்படி உதவும் என்பதையும் பார்ப்போம்.

அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் 1994இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் பாதிப்பு. அறிவுக்கு ஒன்றும் குறைவில்லை. அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேட்டார் டாக்டர். அந்த மனிதர் டைரியைப் புரட்டிக்கொண்டு அரை மணி நேரம் போலக் காரணங்களை அடுக்கினார். அன்று வேறு வேலை இருக்கிறது, வானிலை எப்படியிருக்குமோ என்று எல்லாமே நியாயமான காரணங்கள். முடிவு மட்டும் வரவில்லை. கடைசியில் டாக்டரே "இரண்டாவது தேதியில் வாருங்கள்" என்றதும், சரி என்று டைரியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்!

நாமாக இருந்தால் ஐந்தாவது நிமிஷமே கூச்சம் வந்திருக்கும். ஒரு தேதிக்கா இவ்வளவு பேச்சு, எதிரில் இருப்பவர் பாவம் என்று தோன்றியிருக்கும். அந்தக் கூச்சமும் ஓர் உணர்ச்சிதானே? போதும், நிறுத்து என்று சொல்வது அதுதான். எது முக்கியம், எது அற்பம் என்று எடை போட மனசும் வேண்டியிருக்கிறது.

அதற்காக மனசு சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல வரவில்லை. கோபத்தில் அனுப்பிவிட்டு அவசரமாக அழித்த மெசேஜ் எத்தனை பேரிடம் இருக்கும்!

சரி, தியானம் இதில் எங்கே வருகிறது? எண்ணமே எழாத நிலைதான் அமைதி என்று நினைத்து உட்காருகிறார்கள் பலர். இரண்டே நிமிஷத்தில், "நமக்கு இது வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். எண்ணம் வரத்தான் செய்யும். எங்கேயோ போய்விட்டோம் என்று கவனித்து மூச்சுக்குத் திரும்புகிறோம் இல்லையா, அந்தத் திரும்புதல்தான் பயிற்சி.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்ற தியான ஆசிரியர் இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். இன்று அது எட்டு வாரப் பயிற்சி. வந்தவர்களில் பலர் தீராத வலியோடு இருந்தவர்கள். அவர்கள் பழகிய முக்கியமான விஷயம் பிரித்துப் பார்ப்பது. முதுகு வலிக்கிறது என்பது ஒன்று. "இனி இது போகவே போகாது, என் வாழ்க்கை முடிந்தது" என்பது அதன் மேல் ஏறி உட்காரும் எண்ணம்.

நம் சண்டைக்கும் இதுவே வழி. ஒரு முடிவு எடுக்கத் திணறும்போது, முதலில் உடம்பைக் கவனியுங்கள். நெஞ்சு இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா? மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். அப்புறம் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள்: இது பயம், இது பொறாமை, இது வருத்தம். மேத்யூ லீபர்மன் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வைத்தார்கள். பெயர் சொன்னபோது, மூளையில் ஆபத்தைக் கண்டு எச்சரிக்கும் அமிக்டலாவின் வேகம் குறைந்தது. பயம் என்று தெரிந்தால், எதைக் கண்டு பயம் என்று புத்தி கேட்கலாம். பதில் சொல்ல மனசுக்கும் வாய் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலைப்பளுவைக் குறைக்காமல் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு மட்டும் நடத்தும் நிறுவனங்கள் உண்டு. அங்கே வரும் கோபம் நியாயமான கோபம். அதை மூச்சு விட்டுக் கரைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தாலே பழைய பயம் பொங்கி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே, நடந்துகொண்டே பழகலாம். அதுவும் கஷ்டமாக இருந்தால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

நன்றி. இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.