வேலூர் உள்ளூர்ப் பேப்பர்: யார் காசுல ஓடுச்சு, ஏன் மெலிஞ்சுது?

[திரையில்: நாலு பக்கப் பேப்பர், கடைசிப் பக்கத்தின் அடிவரி, கிட்டத்தில்]

இந்தப் பொடி எழுத்து வரியை யாரும் படிக்கறதில்ல. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சகம் இருக்கற இடம். 1867-ல வந்த சட்டம் கட்டாயமாக்கின விவரம் இதெல்லாம். உள்ளூர்ப் பேப்பர்ல மூணு வேலைக்கும் பெரும்பாலும் ஒரே பேர்தான். விளம்பரக் காசு வசூலுக்கு சைக்கிள்ல அலையறவரும் அவரேதான், அதை மட்டும் போட மாட்டாங்க.

[திரையில்: வட ஆற்காடு பழைய வரைபடம்]

1911-ல சித்தூர் தனி மாவட்டமா பிரிஞ்சுது. வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகர் ஆச்சு. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், வக்கீலுங்க எல்லாம் ஒரே ஊர்ல. ஆபீஸ்னா படிவம், ரசீது, ஏல நோட்டீஸ். அதுக்கு அச்சகம் வேணும். அச்சகக்காரருக்கு முகூர்த்த மாசத்துல கல்யாணப் பத்திரிகை குவியும். ஆடியும் மார்கழியும் வந்தா மிஷின் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கற மிஷின்ல வாரம் ஒரு பேப்பர் ஓட்டினா என்ன? சின்ன ஊர்ப் பத்திரிகைங்க நிறைய இப்படிப் பொறந்ததுதான்.

[திரையில்: ஈய எழுத்துப் பெட்டி, கம்போசிட்டரின் விரல்கள்]

வேலை சுலபமில்ல. ஒவ்வொரு எழுத்தையும் கையால பொறுக்கி, கண்ணாடியில பார்க்கற மாதிரி தலைகீழா கோர்க்கணும். ணை, லை, ளை, னை நாலுக்கும் அப்போ யானைத் துதிக்கை மாதிரி தனி வடிவம், அதுக்குத் தனி அச்சு. 1978-ல தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டப்போ 13 எழுத்தோட வடிவம் மாறுச்சு. படிக்கறவங்களை விட கம்போசிட்டருக்குத்தான் நிம்மதி.

[திரையில்: காட்பாடி ஜங்ஷன், விடியற்காலை]

சென்னைப் பேப்பர் 130 கிலோமீட்டர் தாண்டி காட்பாடியில கட்டுக்கட்டா இறங்கும். அதுல குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலாளி பிரச்சினைக்கு நாலு வரி கிடைச்சா பெரிசு. மிச்ச இடத்துலதான் உள்ளூர்ப் பேப்பர் பிழைச்சுது.

அந்த இடமும் போச்சு. 1942-ல மதுரையில ஆரம்பிச்ச தினத்தந்தி ஊருக்கு ஊர் பதிப்பு போட்டு வளர்ந்துச்சு. வேலூரும் அதுல ஒண்ணு. அப்புறம் மத்த நாளிதழ்களும் வேலூர்ப் பதிப்போட வந்தாங்க. வாணியம்பாடி விபத்து காலையிலேயே போட்டோவோட வந்துட்டா, வாரப் பேப்பருக்கு யார் காத்திருப்பாங்க?

ஆனா செய்தியில தோத்ததால மட்டும் அது சாகல. பேப்பர் விலையில அச்சுக்கூலி என்னைக்குமே தேறினதில்ல. சோறு போட்டது கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவு, மஞ்சள் நீராட்டு விழா, கடைத் திறப்பு. இந்த வரவைப் பறிச்சது டிவியும் இல்ல, இன்டர்நெட்டும் இல்ல. என் கணக்குல முதல் குற்றவாளி பிளெக்ஸ் பேனர். ராத்திரி ஆர்டர் குடுத்தா காலையில தெருமுனையில ஆள் உசரத்துக்கு அண்ணன் படம் நிக்கும். பேப்பர்ல ரெண்டு பத்தி அகலக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு எவன் காசு குடுப்பான்? வாட்ஸ்அப் வந்ததும் மிச்சமிருந்த இரங்கல் செய்தியும் அங்க போயிடுச்சு.

[திரையில்: கோர்ட் அறிவிப்பு விளம்பரம்]

கடைசியா நிக்கறது கோர்ட் நோட்டீஸ். பிரதிவாதிக்கு நேர்ல சம்மன் குடுக்க முடியலன்னா, பேப்பர்ல விளம்பரம் போடச் சொல்லி கோர்ட் உத்தரவிடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதுக்கு வைக்கற நிபந்தனை ரெண்டு: அது நாளிதழா இருக்கணும்; அந்த ஆள் கடைசியா குடியிருந்த பகுதியில விற்பனையில இருக்கணும். வாரப் பேப்பருக்கு அந்தக் கதவும் மூடிடுச்சு. சில குட்டி நாளிதழ்ங்க இன்னும் தினமும் அச்சாகறதோட ரகசியம் இதுதான். டீக்கடையில அதைத் தேடாதீங்க, கேஸ் கட்டுல இருக்கும்.

பேருக்கும் சிக்கல் வந்துச்சு. 1989-ல வட ஆற்காடு ரெண்டாச்சு. 2019-ல வேலூர்ல இருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது. ‘வட ஆற்காடு’ன்னு தலைப்பு வச்சு ஒரு பேப்பர் இன்னைக்கு வந்தா, ஆம்பூர்க்காரர் அதைப் புரட்டிட்டு முதல்ல கேப்பார்: “இது எந்த ஊர்ப் பேப்பருங்க?”